சின்னவளின் மூச்சு

க்ர்ர்ச்... க்ர்ர்ச்... என்று ஒரு சத்தம். காய்ந்த வெங்காயச் சருகை விரலிடுக்கில் வைத்து யாரோ மெதுவாகக் கசக்குகிற மாதிரி. கண்ணைத் திறக்கவில்லை. திறந்தாலும் பெரிதாக ஒன்றும் தெரியாது, ஜன்னலுக்கு என் பெண்டாட்டி முனீஸ்வரியின் பழைய கறுப்புச் சேலையை நாலாக மடித்து ஆணியடித்து வைத்திருக்கிறேன், ராத்திரி வேலைக்காரன் தன் ராத்திரியைத் தானே கையால் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. என் நெஞ்சுதான் கத்துகிறது என்று நினைத்தேன். எந்தச் சத்தம் கேட்டாலும் முதலில் அங்கேதான் தேடுவேன், இருபத்தாறு வருஷமாக நூல் மில்லில் ராத்திரி ஷிப்ட் பார்க்கிறவனுக்கு நெஞ்சுக்குள்ளே ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டேதான் இருக்கும். மூச்சைப் பிடித்துப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. சத்தம் நிற்கவில்லை. நான் மூச்சு விடவில்லை, சத்தம் வருகிறது, அப்படியென்றால் அது என்னுடையது இல்லை. அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடாவைப் போர்த்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடலாம் என்றால், திரும்புவதற்குள் அது யாருடையது என்று தெரிந்துவிட்டது. கால்மாட்டில், ஸ்டூல் மேல், கூண்டு. கூண்டுக்குள் சின்னவள், என் வெள்ளை எலி. மூன்று நாளாக மருந்து கொடுத்தும் விடாத மூச்சு, இன்றைக்கு இன்னும் மோசமாக. முந்தாநாள் வரை காதை வைத்தால்தான் கேட்டது. இன்றைக்குத் தூக்கத்தைக் கலைக்கிறது. இந்த எடைக்கு, ஒரு கைப்பிடி எடைகூட இல்லாத ஜீவனுக்கு, இவ்வளவு சத்தமா. படித்திருக்கிறேன், சின்ன உடம்புக்கு உயிர் வேகமாக ஓடும், எலிக்கு இரண்டு மூன்று வருஷம் முழு ஆயுசு, அப்படிப் பார்த்தால் அதற்கு மூன்று நாள் என்பது எனக்கு எத்தனை மாதம், கணக்குப் போடக்கூடாது, கணக்குப் போட ஆரம்பித்தால் தூக்கம் போய்விடும், போய்விட்டது.

எட்டாம் கிளாஸோடு நின்றவன் நான். மிச்சத்தை எடைக்கடையில் கிலோ கணக்கில் வாங்கின புத்தகங்களில் படித்தேன், அட்டை போனது, முன்பக்கம் போனது, முடிவு போனது. படித்து என்ன கண்டேன் என்று முனீஸ்வரி கேட்பாள். என்னத்தைக் கண்டேன், எதையும் சும்மா விட முடியாமல் போனதுதான் கண்டது. அன்றைக்கு அந்த வளர்ப்பு மீன் கடைக்காரன் சும்மா ஒரு வார்த்தை சொன்னான், அதை விட்டுவிட்டு வந்திருக்கலாம். சித்திரை மாதம், ஷிப்ட் முடிந்து வருகிற வழி, கடை வாசலில் ஒரு கம்பிப் பெட்டி, பெட்டிக்குள் வெள்ளை எலிகள், ரோஜா நிறக் காதும் சிவப்புக் கண்ணுமாக ஒன்றின் மேல் ஒன்று ஏறி. இது யாருப்பா வளர்க்கிறது என்றேன். வளர்க்கவா, பெரிய மீனுக்குத் தீனிண்ணே, உசுரோட போட்டாத்தான் திங்கும் என்றான். அதில் இரண்டு எலி மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்று என்னையே பார்த்தன. பார்க்கவில்லை, அவற்றுக்குப் பார்வை மட்டம், வாசனை பிடித்தன, என் மேல் இருந்த பஞ்சு வாசனையை. இரண்டையும் வாங்கிக்கொண்டு வந்தேன். முனீஸ்வரி வாசலிலேயே இடுப்பில் கை வைத்துவிட்டாள். “நாய்க்குப் பேர் போன ஊரு இது. ராசபாளையத்து நாய் வாங்க எங்கெங்கருந்தோ கார் போட்டு வர்றான். இவரு எலி வாங்கிட்டு வந்திருக்காரு. ஊரே எலிப்பொறி வைக்குது, நாம தொட்டில் கட்டுவோம்.” எதிர் வீட்டுக் கிருஷ்ணம்மா எட்டிப் பார்த்து ரெண்டும் பொட்டையா அண்ணாச்சி என்று கேட்டாள். ஆமாம் என்றேன். “அப்ப பெரியவ, சின்னவன்னு பேர் வச்சிருங்க. மதினி பாடு திண்டாட்டம்தான்.” விளையாட்டாகச் சொன்னதுதான், அதுவே பேராக நின்றுவிட்டது. முனீஸ்வரி இன்று வரை கூண்டைத் தொட்டதில்லை. ஆனால் காலையில் நான் வரும்போது கூண்டுக்குள் ஒரு துண்டு கேரட் கிடக்கும். நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

திங்கட்கிழமை மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். மூக்கைச் சுற்றிச் செக்கச்செவேலென்று இருந்தது, ரத்தம் என்று பயந்து, முறுக்கு டப்பா மூடியில் ஓட்டை போட்டு அதற்குள் சின்னவளை வைத்து எடுத்துப் போனேன். முன்னால் நாலு ஆடு, கட்டுப் போட்ட ஒரு நாய், ஒரு சேவல். டப்பாவுக்குள்ளே என்ன என்று எல்லாருக்கும் பார்க்க வேண்டும். எலி என்றதும் சிரிப்பு. எலிக்கு வைத்தியம் பாத்தா பூனைக்கு யாரு பதில் சொல்றது என்றார் ஒருத்தர். டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. சின்ன வயசுதான், முப்பது இருக்குமா, உள்ளங்கையில் வைத்து, குழாயை வைத்துக் கேட்டு, இது ரத்தம் இல்லய்யா, எலிக்குக் கண்ணுக்குப் பின்னால ஊறுற தண்ணி, உடம்பு முடியலன்னா அது சிவப்பா வடியும், பயப்படாதீங்க, ஆனா நெஞ்சுல சத்தம் இருக்கு என்றார். அப்புறம் கேட்டார், “கூண்டுக்கு அடியில என்ன விரிச்சிருக்கீங்க?” பேப்பர் என்றேன். கொசுவத்தி? இல்லை. யாராவது பீடி, சிகரெட்? இல்லைங்க. “தூசி எதுவும் படலையே?” இல்லை. பேப்பர் என்று ஏன் சொன்னேன், அந்த ஒரு பொய்தான் மூன்று நாளாகப் பல்லிடுக்கில் மாட்டின நார் மாதிரி. எனக்குப் பின்னால் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவர் குருவையா. எங்கள் மில்லில் கேட் வாட்ச்மேன். வெளியே போகிற ஒவ்வொருத்தன் சாப்பாட்டுப் பையையும் தடவிப் பார்த்து அனுப்புகிறவர். ஆரம்பத்தில் பேப்பர்தான் விரித்தேன், பொய் இல்லை. பேப்பரைக் கடித்துக் குதறிவிட்டுக் கம்பி மேலேயே நடந்து இரண்டுக்கும் உள்ளங்கால் சிவந்துபோய் விட்டது. பஞ்சு மாதிரி பாதம். பஞ்சு மாதிரி என்று நினைத்ததுமே யோசனை வந்துவிட்டது. நூல் நூற்கிற பிரேமுக்கு அடியில் கழிவுப் பஞ்சு மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது, அறுந்த நூலும் பஞ்சுமாக, யாருக்கு நஷ்டம். காலி டிபன் பாத்திரத்துக்குள் அமுக்கி மூடினால் குருவையா கைக்குத் தட்டுப்படாது. இரண்டு மாதமாக வாரம் ஒரு டிபன் பாத்திரம். அந்த ஆள் முதுகுக்குப் பின்னால் ஆட்டோடு நிற்கும்போது, மில்லுப் பஞ்சு என்று எப்படிச் சொல்வது. பேப்பர் என்றேன். டாக்டரம்மா சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார், காலையில் ஒரு சொட்டு சாயங்காலம் ஒரு சொட்டு, சீட்டுக்குப் பின்னால் போன் நம்பர், மூணு நாள்ல குறையலன்னா கூப்பிடுங்க. நான் வீட்டுக்கு வந்து என்ன செய்தேன். நோயாளிக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று மறுநாள் செவ்வாய், வார லீவு, உட்கார்ந்து பழையதை எடுத்துவிட்டுப் புதுப் பஞ்சை இரண்டு மடங்காகப் போட்டேன். குதிக்கிறாள், புதைகிறாள், மூக்கை மட்டும் வெளியே நீட்டுகிறாள், எனக்குச் சந்தோஷம்.

பொய் சொல்வது எனக்குப் புதுசா. மில்லில் வருஷத்துக்கு ஒரு தரம் நெஞ்சுச் சோதனை வரும். வேனில் வருவார்கள், ஒரு அட்டைக் குழாயை வாயில் கவ்வி, பலம் கொண்ட மட்டும் ஊத வேண்டும், மெஷினில் கோடு வரும். ஊத முடியாதவனை வெளிவேலைக்கு மாற்றுவார்கள், வெளிவேலை நிறைய இல்லை, ஆகையால் கொஞ்ச நாளில் வீட்டுக்கு. ஐம்பத்தொரு வயதில் வீட்டுக்குப் போனவன் அப்புறம் எந்தக் கதவைத் தட்டுவான், அறுந்த இழையை ஒட்டுவதைத் தவிர வேறென்ன தெரியும். போன வருஷம் எனக்குப் பதில் தங்கமாரி ஊதினான். என் பக்கத்துப் பிரேம்காரன், இருபத்தெட்டு வயசு, கபடி ஆடுகிற நெஞ்சு. ஊதுகிறவன் மூஞ்சியை யாரும் பார்ப்பதில்லை, டோக்கன் நம்பரைத்தான் பார்க்கிறார்கள், எங்களுக்குள் இது வழக்கம்தான், வயசானவனுக்கு வயசுப் பையன் ஊதுவான். “அண்ணே, மெதுவா ஊதவா, பலமா ஊதவா? பலமா ஊதுனா உங்களுக்குப் பதவி உயர்வு கொடுத்திருவாங்க” என்று கண்ணடித்தான். ஊதினான். சங்கையா, நுரையீரல் நன்று, என்று கார்டில் எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் கார்டை முனீஸ்வரி மஞ்சள் பையில் ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்திருக்கிறாள். நான் இருமுகிறபோதெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்பாள், உடனே அவளே, நல்லாருக்குன்னு எழுதித்தான இருக்கு, என்பாள். தங்கமாரியின் மூச்சை என் மூச்சு என்று நம்பிக்கொண்டு ஒருத்தி வீட்டில் இருக்கிறாள். அடுத்த வாரம் மறுபடி வேன் வருகிறது. தங்கமாரி நேற்று ராத்திரியே கேட்டுவிட்டான், நான் தலையை ஆட்டிவிட்டேன். நேற்று தலையை ஆட்டும்போதே நெஞ்சு ஈரத்துணியை முறுக்கிக் கட்டினது போல இருந்தது, லீவு முடிந்து போகிற முதல் ராத்திரி எப்போதும் அப்படித்தான், அடுத்த நாள் கொஞ்சம் தளரும், பழகிப்போனது. க்ர்ர்ச்... க்ர்ர்ச்... எழுந்திரு சங்கையா. எழுந்து பார். படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தால் நின்றுவிடுமா. நின்றுவிட்டால்.

எழுந்து லைட்டைப் போட்டேன். பெரியவள் மூலையில் பஞ்சைக் குவித்துத் தூங்குகிறாள். சின்னவள் கம்பிப் பக்கம் வந்து கழுத்தை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள், பஞ்சை விட்டு எவ்வளவு தள்ளி உட்கார முடியுமோ அவ்வளவு தள்ளி. மூக்கில் மறுபடி சிவப்பு. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்ளே போய் வருகிறது. எடுத்து மார்பில் வைத்தேன். பின்னங்கால் ஒன்றை ஊன்றாமல் தூக்கியே வைத்திருந்தாள். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன், இரண்டாவது விரல் நாவல்பழம் மாதிரி வீங்கிக் கறுத்து, அதன் அடியில் ஒரு கோடு, ரோமம் மாதிரி ஒரு கோடு. ரோமம் இல்லை. நூல். எனக்கா தெரியாது, நாப்பதாம் நம்பர் நூல், என் பிரேமில் ஓடுகிறது, என் கையால் எத்தனை ஆயிரம் தரம் ஒட்டியிருப்பேன், நான் கொண்டுவந்து போட்ட மெத்தையிலிருந்து விரலைச் சுற்றிச் சுற்றி இறுக்கியிருக்கிறது. ஒரு கையில் பிடித்து ஒரு கையால் எடுக்க முடியாது, திமிறுகிறாள், திமிறினால் மூச்சு இன்னும் வாங்குகிறது. முனீஸ்வரி, என்று கூப்பிட்டேன். முன் ரூமில் கூலிக்குப் பேண்டேஜ் துணி சுருட்டிக்கொண்டிருந்தவள் என் குரலைக் கேட்டு ஓடி வந்தாள், எனக்குத்தான் ஏதோ என்று நினைத்திருப்பாள். என் கையில் எலியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

“இதுக்கா இப்படிக் கத்துனீங்க?”

“இதக் கொஞ்சம் பிடி.”

“நானா? செத்தாலும் மாட்டேன்.”

“விரலு போயிரும் முனீஸ்வரி. நூல் சுத்தியிருக்கு. ரெண்டு கை வேணும்.”

“கடிக்குமா?”

“கடிக்காது.”

“கடிச்சா நான் உங்களக் கடிப்பேன், சொல்லிட்டேன்.” முந்தானையை இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, வாங்கினாள். வாங்கியதும் முகம் தானாகத் திரும்பியது. “ஐயோ, என்ன இது, உள்ள இப்படி அடிச்சுக்குது.” விரலில் தேங்காயெண்ணெய் தடவினேன். ஓடுகிற பிரேமில் அறுந்த முனையைக் கண்ணால் தேடுகிறவன் பிடிக்கவே மாட்டான், விரல் தேட வேண்டும், கண் சும்மா இருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றிவிட்டு நகத்தால் தேடினேன். இங்கே இல்லை. இங்கே இல்லை. ஒரு முடிச்சு மாதிரி, இல்லை அது தோல், கீச்சென்றாள், முனீஸ்வரி சேர்ந்து கீச்சென்றாள், வலிக்குது அதுக்கு, மெதுவா எடுங்க. அப்புறம் நகத்தில் தட்டியது. இருபத்தாறு வருஷத்தில் இவ்வளவு சின்ன முனையை நான் பிடித்ததில்லை. ஒரு சுற்று, இரண்டு, ஐந்து, ஏழு சுற்று. வந்துவிட்டது. பள்ளம் மட்டும் விரலில் இருந்தது. சிவப்பு மெதுவாக ஏறுகிறதா, ஏறுகிற மாதிரிதான் இருந்தது. முனீஸ்வரி அவளைக் கீழே வைக்கவில்லை. முந்தானையோடு காதுப் பக்கம் கொண்டுபோனாள், பச்சைப் பிள்ளையின் மூச்சைக் கேட்பது போல. கேட்டாள். ரொம்ப நேரம் கேட்டாள். அப்புறம் என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

“ஏங்க. இது நீங்க தூங்கறப்ப வர்ற சத்தம்.”

சளி என்றேன். சளி என்று சொல்லிக்கொண்டே கூண்டைப் பார்த்தேன். இல்லை, பார்க்காமல் இருக்க முயற்சி செய்தேன், பார்த்தேன். பழைய பஞ்சில் இருந்தவரை காதை வைத்தால்தான் கேட்டது. செவ்வாய்க்கிழமை புதுசு போட்டேன், இரண்டு மடங்கு. புதன் மோசம். இன்றைக்கு இன்னும் மோசம். போன வாரம்? போன வாரமும் செவ்வாய் போட்டேன், புதன்தான் முதலில் தும்மினாள், தும்மல்தானே என்று சிரித்தேன். அதற்கு முந்தின வாரம் ஞாபகம் இல்லை, ஞாபகம் இல்லை என்று சொல்வது சௌகரியம். பெரியவளுக்கு ஏன் ஒன்றும் இல்லை, அது சில உடம்பு, சில உடம்பு தாங்கும், பக்கத்துப் பிரேமில் எத்தனை பேர் தாங்கிக்கொண்டு ரிட்டயர் ஆகி மாலை வாங்கிக்கொண்டு போனார்கள். போன பிறகு யார் போய்ப் பார்த்தது. கூண்டுக்குள் கை விட்டு ஒரு பிடி பஞ்சை எடுத்து லைட்டுக்கு நேரே உதறினேன். தூள். வெளிச்சத்தில் மெதுவாக, ஒரு அவசரமும் இல்லாமல் இறங்குகிற தூள். எங்கள் டிபார்ட்மெண்டில் விடிகாலை சூரியன் மேல் ஜன்னலில் விழும்போது இதே தூள் இறங்கும், அழகாக இருக்கும், பனி மாதிரி என்று புதுசாக வருகிற பிள்ளைகள் சொல்வார்கள், நானே சொல்லியிருக்கிறேன், பனியைப் பார்த்ததில்லை. தொண்டையில் அரித்தது. இருமினேன். சின்னவள் தும்மினாள். முனீஸ்வரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

சீட்டைத் தேடி எடுத்துப் போன் போட்டேன். ஆட்டுச் சத்தத்துக்கு நடுவில் டாக்டரம்மா எடுத்தார். முறுக்கு டப்பா எலியா, சொல்லுங்கய்யா என்றார். “டாக்டரம்மா, அன்னைக்குப் பேப்பர்னு சொன்னேன். பேப்பர் இல்ல.” சீட்டை மடித்துப் பிடித்துக்கொண்டேன். “மில்லுக் கழிவுப் பஞ்சு. தூசிப் பஞ்சு. கால் நோகக்கூடாதுன்னு போட்டேன். திருட்டுத்தனமா கொண்டு வந்தது, அதான் சொல்லல.” முனீஸ்வரி பக்கத்தில் நின்றாள். மெத்தைக் கடையில் தங்கமாரிக்குத் தெரிந்த ஆள் கொடுத்தது என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தேன், ஒன்றுக்குள் ஒன்றாக எத்தனை பொய். டாக்டரம்மா கேட்டார். “எவ்வளவு நாளா அந்தப் பஞ்சுக்குள்ள இருக்கு?” இருபத்தாறு வருஷம் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இரண்டு மாதம் என்றேன். “மொதல்ல அத மாத்துங்க. கூண்டக் கழுவிக் காய வைங்க. வெறும் பேப்பரக் கிழிச்சுப் போடுங்க, கால் நோகுதுன்னா பழைய துணிய விரிங்க, நூல் பிரியாத துணியா. மருந்து தொடர்ந்து கொடுங்க.” பிழைச்சுக்குமா என்று கேட்டேன். “பஞ்ச விட்டு வெளிய வந்துட்டா தேறிக்கும்னுதான் நினைக்கிறேன். ஆனா நுரையீரல்ல பட்டது பட்டதுதான்யா, அது பழையபடி ஆகாது. இனிமே படாம பாத்துக்கணும், அவ்வளவுதான். குறஞ்சிருச்சேன்னு திரும்ப அதுக்குள்ளயே விட்டுராதீங்க.” சரிங்க, என்றேன். சரிங்க, சரிங்க என்று போனை வைத்த பிறகும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பஞ்சை அள்ளி உரச்சாக்கில் போட்டுக் கட்டினேன். பெரியவள் தூக்கம் கலைந்த கோபத்தில் என் சட்டைக்குள் ஏறிக்கொண்டாள், சின்னவள் இன்னும் முனீஸ்வரியின் முந்தானையில். கூண்டை வெளியே எடுத்துப் போன நேரம் கிருஷ்ணம்மா தெருவில் இருந்து சத்தம் கொடுத்தாள், மதினி, தண்ணி வந்திருச்சு, வாங்க. எங்கள் தெருவுக்கு நாலு நாளைக்கு ஒரு தரம் தண்ணீர், முக்கால் மணி நேரம். வரிசையாகக் குடத்தை வைத்துப் பிடிக்க ஆரம்பித்தோம், நான் பிடிக்க, அவள் சின்னவளை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையால் குடத்து மூடியை எடுக்க. கூண்டின் மேலும் ஒரு வாளி ஊற்றினேன், தூளெல்லாம் சாக்கடையில் வெள்ளையாக ஓடியது. இரண்டு குடம் உள்ளே கொண்டு வைத்தேன். மூன்றாவதைத் தூக்கிப் படி ஏறும்போது நின்றுவிட்டேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தூக்கம் இல்லாத கால், அப்படித்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன், மூச்சுதான் வந்தது, சத்தத்தோடு. முனீஸ்வரி குழாயடியிலிருந்து என்னைப் பார்த்தாள். குடத்தைப் படியிலேயே வைத்துவிட்டுத் திரும்பி வந்து குழாயடியில் குந்தினேன். அடுத்த குடம் நிரம்பிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு அடியில் சொன்னால் கிருஷ்ணம்மாவுக்குக் கேட்காது.

“அந்தக் கார்டு என்னோடது இல்ல.”

“எந்தக் கார்டு?”

“மஞ்சப் பையில வச்சிருக்கியே. போன வருஷம் நான் ஊதல. தங்கமாரி ஊதினான்.”

அவள் கை சின்னவளின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தது, நின்றது, மறுபடி தடவியது. “அடுத்த வாரம்?”

“நானே ஊதுறேன்.”

“ஊதுனா?”

“கோடு வராது. வெளிய மாத்துவாங்க. மாத்தலைன்னா வீட்டுக்கு.”

கிருஷ்ணம்மா அவள் வீட்டுக் குழாயடியிலிருந்து, என்ன அண்ணாச்சி, சின்னவ மதினி மடியில ஏறிட்டாளாக்கும் என்று கேட்டுச் சிரித்தாள். நாங்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை, அவள் தப்பாக நினைத்துக்கொள்ளக் கூடாதே என்று முனீஸ்வரி மட்டும் கொஞ்சம் உதட்டை விரித்துக் காட்டினாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள். கண் நிறைந்திருந்தது. திட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது.

“கொடம் வழியுது, பாருங்க” என்றாள்.

குடத்தைச் சாய்த்துப் பாதியை வாளியில் ஊற்றினேன். மிச்சப் பாதியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, காலி ஒன்றைக் குழாய்க்கு அடியில் தள்ளிவிட்டு, படியேறினேன்.